நீ மூச்சு வாங்கிய இடம்

அம்மா,

இன்று எங்கள் பள்ளியில் ஆண்டு விழா. விருந்தினர்களுக்கான ரோஜாக்கள் காலையிலேயே ஒரு வாளி நிறைய வந்து இறங்கின. அவற்றை மேடைக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கும் வேலை எனக்கு. வாளியைத் தூக்கியதும், ரோஜாவை முந்திக்கொண்டு கந்தக வாசனை என் மூக்கில் ஏறியது. மற்ற பிள்ளைகள் குனிந்து முகர்ந்து “சூப்பரா இருக்குல்ல?” என்றார்கள். ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் வளர்ந்தால்தான் அந்த வாசனை தனியாகத் தெரியும். இலையில் சாம்பல் நோய் வராமல் இருக்கப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் கந்தகம் புகைப்பார்கள் என்று நீதான் சொன்னாய். உன் சேலையில், கூந்தலில், நீ மடித்துவைத்த என் சீருடையில்கூட அது இருக்கும். வாளியைக் கீழே வைக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன்.

மேடையில் ஒத்திகை தொடங்கியது. என் பக்கத்து இருக்கை ஷாஹினா உன் பாட்டைப் பாடினாள்.

உன் பாட்டு என்று சொல்கிறவள் நான் ஒருத்திதான். ஊருக்கு அது ராயக்கோட்டை மாமா பாட்டு, இல்லாவிட்டால் பர்கூர் மாமா பாட்டு. ஒரே குழுவில் திருவிழா மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவர்கள் இருவரும். போஸ்டரில் யார் பெயர் முதலில் வருவது என்ற சண்டையில் பிரிந்தார்கள். தபேலாவையும் மைக் செட்டையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். சேர்ந்து கட்டிய அந்தக் காதல் பாட்டைப் பங்கு போட முடியவில்லை. அஞ்செட்டி மலையிலிருந்து ஓசூர்க் கம்பெனி வேலைக்குப் பஸ் ஏறிப் போகிறவனைப் பார்த்து ஒருத்தி பாடும் பாட்டு. அன்றிலிருந்து ஆளுக்கொரு மேடையில் அது என்னுடையது, என்னுடையது என்றார்கள்.

“என் தட்டுல சாப்ட்டுட்டு என் பாட்டயே தூக்கிட்டுப் போனவங்களும் இருக்கறாங்க” என்று ராயக்கோட்டை மாமா மைக்கில் சொல்வார்.

அடுத்த வாரம் பர்கூர் மாமா பதில் சொல்வார்: “அவரு அந்தப் பாட்ட பாடுனா பஸ்ஸு மட்டும் இல்லீங்க, பஸ் ஸ்டாண்டே காலியாவுது!”

அதைப் பதிவுசெய்து வெளியிட இரண்டு பேருக்கும் ஒரு பெண் குரல் தேவைப்பட்டது. தோட்டத்து ஆயுத பூஜைக்கு அந்தக் குழு பாட வந்தபோது மேஸ்திரி உன் கையில் மைக்கைத் திணித்ததை இருவருமே மறந்திருக்கவில்லை. முதலில் வந்தவர் ராயக்கோட்டை மாமா. நீ ஒரு நிபந்தனைதான் போட்டாய்.

“பேரு மட்டும் போடாதீங்கண்ணா. சாமல்பட்டில எங்க வூட்டுல பேசுவாங்க.”

பதிவுக்கு என்னையும் கூட்டிப்போனாய். மாடி அறை, ஜன்னலெல்லாம் மெத்தை வைத்து அடைத்திருந்தது. நான் மூலையில் ஒரு நூலகப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். நீ பாடத் தொடங்கியதும் புத்தகத்தை மூடிவிட்டேன். கடைசி அடி நீளமானது. “தூசி அடங்கும் முன்னே ஒருக்கா திரும்பிப் பாரு மாமா.” எங்கேயும் அறுக்காமல், மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து இறங்குகிற மாதிரி, ஒரே மூச்சில் பாடி முடித்தாய். கீபோர்டு வாசிக்கிறவர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர். “சென்னாகிதே அக்கா, நல்லா இருக்கு” என்று இரண்டு மொழியிலும் பாராட்டினார். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். எனக்குப் பெருமையில் காது சூடானது.

அந்தப் பதிவை அவ்வளவாக யாரும் கேட்கவில்லை. வீடியோவில் உன் குரலுக்கு வேறொரு பெண் வாயசைத்தாள். சில கோயில்களில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். அவ்வளவுதான்.

மறுவருடம் பர்கூர் மாமா கூப்பிட்டபோது உனக்கு வீசிங் வந்திருந்தது. மூக்கண்டப்பள்ளியில் நம் வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் நடுவில் நின்று, பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசுவதுபோல் பாவனை செய்வாய். கைப்பையில் எப்போதும் மூச்சிரைப்புக்கு வாயில் அடித்துக்கொள்ளும் பம்ப் இருக்கும். பதிவில் அந்த அடி வந்தது. “தூசி அடங்கும் முன்னே ஒருக்கா…” என்று நின்றுவிட்டாய். மூச்சை இழுத்தாய். அதன் சின்னச் சத்தம் மைக்கில் விழுந்தது. பிறகுதான் “திரும்பிப் பாரு மாமா” என்றாய்.

“மன்னிச்சுக்கங்கண்ணா, இன்னொரு தரம் எடுத்துடலாம்.”

பர்கூர் மாமா இரண்டு கையையும் தூக்கிவிட்டார். “ஐயய்யோ, வேணாம்மா! அதான் உசுரு. அப்படியே வுட்ரு.”

அதுதான் ஊரைப் பிடித்தது. கம்பெனி பஸ்ஸில், ஷேர் ஆட்டோவில், கல்யாண மண்டபத்தில், எல்லார் ஸ்டேட்டஸிலும் நீ “ஒருக்கா” என்று நின்று மூச்சு வாங்கினாய். வீடியோவுக்குக் கீழே ஜனங்கள் எழுதியதை நான் உனக்குப் படித்துக் காட்டினேன். ஒருவர் அந்த இடத்தில் அழுதுவிட்டதாக எழுதியிருந்தார். காதலிக்காதவர்களுக்கு அந்த நிறுத்தம் புரியாது என்று இன்னொருவர். அந்த வீடியோவில் வாயசைத்த பெண்ணைப் பாராட்டி ஒருவர் கவிதையே எழுதியிருந்தார். நீ சிரித்து, சிரித்ததில் இருமல் வந்து, இருமல் அடங்கியதும் மறுபடி சிரித்தாய்.

“என் வீசிங்குக்கு இத்தினி ரசிகருங்களா! டாக்டர்கிட்ட சொல்லணும்டி, மருந்து மாத்திரைய நிறுத்திடுவாரு.”

டாக்டர் ‘வீசிங்’ என்றதை ரசிகர்கள் ‘ஃபீல்’ என்றார்கள், பாடகர்கள் ‘இழுப்பு’ என்றார்கள், எங்கள் தமிழ் அம்மா ‘ஏக்கம்’ என்றார். என் அறிவியல் புத்தகத்தில் திராட்சைக் கொத்துபோல நுரையீரலின் சிற்றறைகள் வரைந்திருக்கும். அந்தப் படத்துக்குப் பென்சிலால் பெயர் குறித்தபோதெல்லாம் உன்னுடையவை எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஒரு நாள் ராயக்கோட்டை மாமா ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு நம் வீட்டுக்கே வந்தார். உட்காரக்கூட இல்லை.

“ஏன் தங்கச்சி, அவனுக்கு மட்டும் அந்த இழுப்ப குடுத்துட்டியே! எனக்கு ஏன் வெறும் பாட்ட குடுத்த?”

“நான் எங்கண்ணா குடுத்தேன்? எனக்கு மூச்சு வாங்குச்சு.”

“அதயேதாம்மா கேக்கறேன். எனக்கும் ஒருக்கா வாங்கு.”

நீ தன்னடக்கத்தில் பேசுவதாக அவர் நினைத்தார். அவரிடம் பொல்லாத்தனம் எதுவும் இல்லை. அதனால்தான் எனக்கு அவர்மேல் கோபம் கூடச் சரியாக வரவில்லை.

பதிவுக்குக் கிளம்பிய காலையில் நீ நல்ல சேலை கட்டினாய். உன் பம்ப் டிவி மேல் இருந்தது.

“பம்ப் அடிச்சியாம்மா?”

“இல்ல.”

“ஏன்?”

“அடிச்சா அது வராதுடி. அந்த அண்ணன் அதுக்குத்தான கூப்புட்டுருக்காரு?”

நான் அழுதேன். போக வேண்டாம் என்றேன். நீ என் முகத்தைத் துடைத்துவிட்டு, சொல்லத்தகாத ரகசியம் ஒன்றைச் சொல்கிறவளைப் போலக் குரலைத் தாழ்த்தினாய். “தெனம் தோட்டத்துல ரோஜா மொட்டுக்கு வலை மாட்டறேன். மாட்டுனது யாருன்னு எந்தப் பூவுக்காச்சும் தெரியுமா? இதுலயாச்சும் ரெண்டு பெரிய பாடகருங்க என் குரலுக்காவ அடிச்சிக்கறாங்க. கொஞ்சம் அடிச்சிக்கட்டும்டி, நல்லாத்தான இருக்குது.”

உன் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நான் கதவைத் திறந்துவிட்டேன். முதல் தடவையிலேயே அந்த இழுப்பு வந்துவிட்டது என்று திரும்பி வந்து சொன்னாய். பஸ்ஸிலிருந்து உன்னை இரண்டு பெண்கள் தாங்கி இறக்கிவிட்டார்கள்.

அந்த ஒரு நாளால்தான் எல்லாம் என்று டாக்டர் சொல்லவில்லை. நுரையீரல் வெகுநாளாகவே கெட்டிருந்தது என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். நம்புவதால் எதுவும் லேசாகவில்லை.

ஆஸ்பத்திரியில் உனக்கு ஆக்சிஜன் முகமூடி மாட்டியிருந்தார்கள். பக்கத்துப் படுக்கையில் இருந்த ஆயாவின் பேரன் போன் அடித்தது. உன் பாட்டு. ராயக்கோட்டை மாமாவின் புதுப் பதிவு. அவன் எடுக்காமல் பாடவிட்டான். “இந்தம்மா எப்படி உருகுது பாரு ஆயா” என்றான். நான் அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். நீ முகமூடிக்குள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாய். அந்த இடம் வந்ததும் உன் சுண்டுவிரல் போர்வைமேல் ஒரு தரம் எழும்பி இறங்கியது. பாட்டில் இருந்த நீ மூச்சு இழுத்தாய். படுக்கையில் இருந்த நீயும் இழுத்தாய். எது எதன் சத்தம் என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

இப்போதும் அவர்கள் சண்டை ஓயவில்லை. யார் பதிவில் ஃபீல் அதிகம் என்று இரண்டு பக்கத்து ஆட்களும் திட்டிக்கொள்கிறார்கள். இரண்டிலும் ஒரே பெண் என்பது ஒருவர் காதிலும் விழவில்லை. கம்பெனி பஸ்ஸில் அதைப் போடுகிறார்கள் என்று அப்பா ஷிப்டுக்குச் சைக்கிளில் போகிறார்.

எனக்கு வேண்டியதெல்லாம் அந்த முதல் பதிவு. நீ நன்றாக இருந்தபோது ஒரே மூச்சில் பாடியது. தேடினேன், இல்லை. அப்பாவின் பழைய போனில் ரிங்டோனாக வெட்டி வைத்தது இருந்தது. ஓடவிட்டால் வெறும் புல்லாங்குழல், பிறகு ராயக்கோட்டை மாமா. நீ தொடங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன்.

“ஒரே பாட்டு ரெண்டு இருந்தா ஜனங்க கொழம்பிடுவாங்க பாப்பா. அதான் பழச தூக்கிட்டேன்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. “அத எதுக்குத் தேடற? புதுசுலதான் உங்கம்மா உசுரக் குடுத்துப் பாடியிருக்குது.”

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். மாடி அறைக்கும் போனேன். கீபோர்டு மாமா எல்லாப் பெட்டியையும் இழுத்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் பழுதானபோது எல்லாம் அழிந்துவிட்டது என்றார். உன் கெட்ட மூச்சு எல்லார் கையிலும் இருக்கிறது. நல்ல மூச்சு உலகத்தில் எங்கேயும் இல்லை.

இன்று காலை ஒத்திகையில் ஒரு தரம் பாடி இறங்கிய ஷாஹினாவை ஓரமாகக் கூப்பிட்டேன். அவளுக்கு நல்ல கனமான குரல்.

“அந்தக் கடைசி வரிய நிறுத்தாம, ஒரே மூச்சுல பாடேன்.”

“லூசாடி நீ? அங்க நிறுத்தறதுக்குத்தான் ஒரு வாரமா பழகறேன். எங்க வாப்பா கடையில வர்றவங்களெல்லாம் அந்த இடத்ததான் பாடச் சொல்றாங்க.”

“எனக்காக. ஒரே ஒரு தரம்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மேடையில் போய் நிறுத்தாமல் பாடினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன், உன்னுடையது போல ஏதாவது கேட்கும் என்று. கேட்டது ஷாஹினாவின் குரல்தான். நன்றாகத்தான் பாடினாள். ஆனால் “ஒருக்கா” என்று அவள் தாண்டிப் போனபோது என் மனசு அங்கேயே நின்றுவிட்டது. அந்த மெத்தை அடைத்த அறையில் நீ எப்படிப் பாடினாய் என்று அப்போதே நினைத்துப் பார்த்தேன். உன் சேலை நிறம் நினைவில் இருக்கிறது. நீ கண்ணடித்தது இருக்கிறது. பாட்டை நினைத்தால் மட்டும் அந்த இடத்தில் நீ மூச்சு வாங்குகிறாய். அந்த முதல் பாட்டைக் கேட்டவர்களே சிலர்தான், அவர்களில் நானும் அதை மறந்துகொண்டிருக்கிறேன்.

“ஷாஹினா, என்ன ஆச்சு?” என்று பாட்டு மிஸ் கீழிருந்து சத்தம் போட்டார். “அங்க நிறுத்தலன்னா அது என்ன பாட்டு? மறுபடி பாடு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் சரி என்று தலையசைத்தேன்.

சாயங்காலம் விழாவில் அவள் எல்லாரும் எதிர்பார்த்தபடியே பாடினாள். “ஒருக்கா” என்று நிறுத்தி, பழகி வைத்திருந்த அந்த மூச்சை அழகாக இழுத்தாள். பெற்றோர்கள் விசிலடித்தார்கள். பிறகு அரங்கமே அவளோடு சேர்ந்து “திரும்பிப் பாரு மாமா” என்றது. நான் சேர்ந்து பாடவில்லை. டீக்கடையோ பஸ்ஸோ, எங்கே இந்தப் பாட்டு கேட்டாலும் அந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன் அம்மா. பேசிக்கொண்டிருந்தால் பேச்சை நிறுத்துகிறேன். நீ எடுத்து முடிக்கும்வரை என் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். பாட்டில் ஒவ்வொரு முறையும் உனக்கு மூச்சு கிடைத்துவிடுகிறது. கிடைக்கும் என்று தெரியும். இருந்தும் ஒவ்வொரு முறையும் பயமாக இருக்கிறது.