கேஸ் மாத்திரை மட்டும்தாங்க

மாரண்டஹள்ளி
ஞாயித்துக்கிழமை

அன்புள்ள மகன் அருள்குமாருக்கு உன் அம்மா எழுதறது. இங்க உங்கப்பா சுகம், மாடு ரெண்டும் சுகம், முட்டிக்கு மேல நானும் சுகம். முட்டிக்குக் கீழ இருக்கறதச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. சொல்ல வெக்கமாத்தான் இருக்குது, ஆனா வேற யாராவது சொல்லி நீ கேக்கறதுக்கு நானே சொல்லிடறேன். போன வாரம் சந்தையில தக்காளியப் போட்டுட்டு, கருவாட்டுக் கடையில ஒரு மூச்சு பேரம் பேசிட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒத்தச் செருப்போட நடந்து வந்திருக்கேன். எதிர் வூட்டு சசிகலாதான் பாத்துட்டு, ஏங்க்கா, அந்த ஒரு கால் மட்டும் கோயிலுக்கு விரதமான்னு கேட்டா. பஸ் ஸ்டாண்டே சிரிச்சுது, நானும் கூடச் சேந்து சிரிச்சேன். உச்சி வெயிலு, தார் ரோடு, செருப்பில்லாத சனமெல்லாம் தவ்வித் தவ்விப் போவுது, எனக்கு மட்டும் சுடவே இல்ல கண்ணு. சிரிப்பு அங்கயே நின்னுபோச்சு.

போன்ல சொல்றதுக்கென்னன்னு கேப்ப. மூணு தடவ சொன்னேன். மொதத் தடவ கால் மரத்துப்போன மாதிரி மதமதங்குதுன்னேன், ஒரே எடத்துல உக்காந்திருப்பம்மான்னுட்ட. அப்பறம் பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குதுன்னேன், செருப்பு தேஞ்சிருக்கும்னு மெத்துமெத்துன்னு ஒரு ஜோடி அனுப்பிவிட்ட. அதுல ஒண்ணுதான் இப்ப சந்தையில கெடக்குது. கடைசியா வாய்ஸ் மெசேஜு போட்டேன், கட்டவெரலத் தூக்கிக் காட்டற பொம்மைய அனுப்பின. அம்மா மெசேஜுன்னா ரெட்டை வேகத்துல ஓட்டித்தான் கேப்பியாமே, உன் ரூம்ல கூட இருக்கற பாரதி லீவுல வந்தவன் சொல்லிட்டுச் சிரிக்கறான். கடுதாசிய அப்படி ஓட்ட முடியாது பாரு, அதான் மூணாங்கிளாஸ் படிப்ப வெச்சு எழுத்துக் கூட்டி எழுதி அவங்கிட்டயே மஸ்கட்டுக்குக் குடுத்துவிடறேன்.

சந்தைக்குப் போன மறுநாளே உங்கப்பா என்ன தர்மபுரிக்குக் கூட்டிப் போனாரு. டாக்டரம்மா காலைக் குத்திக் குத்திப் பாத்துட்டு என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லீங்கன்னேன். சக்கரைக்கு, பிரஷருக்கு, தைராய்டுக்குன்னு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க, எல்லாத்துக்கும் இல்லீங்க இல்லீங்கன்னு பெருமையாத் தலைய ஆட்டினேன். பொய் சொல்லல சாமி, மனசாரத்தான் சொன்னேன். உங்கப்பாதான் பக்கத்துல நின்னுக்கிட்டு, "கேஸ் மாத்திரை மட்டும்தாங்க, அது தெனமும்" அப்படின்னாரு. எத்தன வருசமான்னாங்க. நீ வெளிநாடு போனதுலேர்ந்துன்னு அவரு சொல்றாரு, இல்ல அதுக்கும் முந்தி எனக்கு முட்டிவலிக் காய்ச்சல் வந்த வருசத்துலேர்ந்துன்னு நான் சொல்றேன், ரெண்டு பேருக்கும் அங்கயே சண்ட. டாக்டரம்மா பேனாவக் கீழ வெச்சுட்டாங்க.

கேஸ் கேஸ்னு நாமதான் பேரு வெச்சுக்கிட்டோம், அது வயித்துல ஊறுற ஆசிட்ட அடக்கற மருந்தாம். அந்த ஆசிட்டு இருந்தாத்தான் கறி, முட்டை, பாலுல இருக்கற ஒரு வைட்டமின் பிரிஞ்சு ஒடம்புல சேருமாம், நரம்பு அதத் தின்னுதான் உசுரோட இருக்குதாம். வருசக்கணக்குல அடக்கி வெச்சா எல்லாருக்கும் இல்லன்னாலும் சில பேருக்கு அது வத்திப்போவுமாம், எலும்பும் வலு கொறையுமாம். ரத்தம் எடுத்துப் பாத்ததுல எனக்கு வத்தித்தான் கெடக்குது. மெடிக்கல்ல அன்னிக்கு முட்டிவலிக்கு மாத்திரை குடுத்தப்ப, அது வயித்தப் புண்ணாக்கிடும்னு கூட இதையும் குடுத்தாங்க. அது சரிதானாம், தப்பில்லையாம். வலி போச்சு, வலி மாத்திரையும் போச்சு, இது மட்டும் வூட்டோட மருமவ மாதிரி தங்கிடுச்சு. நிறுத்திப் பாத்தேன், நெஞ்சு ரெட்டிப்பா எரிஞ்சுது, நோய் முத்திப்போச்சுன்னு மறுபடியும் போட்டேன். ரொம்ப நாள் போட்டுட்டுச் சட்டுன்னு நிறுத்தினா கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் பொங்குமாம். யாருக்குத் தெரியும் அதெல்லாம்.

உங்கிட்டக் கேட்டேனே அருளு. நீ என்ன சொன்ன, "போட்டுக்கம்மா, அது ஒண்ணும் பண்ணாது, இங்க நாங்கல்லாம் தெனம் போடறோம்." சொன்னதோட நிக்காம செண்டு பாட்டிலு, பாதாம்பருப்போட ஒரு டப்பா நெறைய அதையும் அனுப்பின. நான் அந்த டப்பாவச் சாமி மாடத்துல வெச்சிருந்தேன்டா. ஏப்பம் விட்டவனுக்கெல்லாம் துன்னூறு மாதிரி எடுத்துக் குடுத்தேன், எம்மவன் அனுப்பினது, உள்ளூரு சரக்கு இல்லன்னு. கோவமான்னு கேட்டா கோவந்தான், யாரு மேலன்னுதான் தெரியல. கொல்லையில தக்காளிக்குத் தண்ணி கட்டினா கடைசிப் பாத்திக்கு ஈரம் ஏறிச்சான்னு கால வெச்சே சொல்லிடுவேன், ஒருத்தரக் கேக்க மாட்டேன். இப்ப குனிஞ்சு கையால தொட்டுப் பாக்கறேன். உங்கப்பா அதப் பாத்தும் பாக்காத மாதிரி மோட்டாருகிட்டப் போயிடறாரு. ரோட்டத் தாண்டறப்ப கையப் புடிச்சுக்கறாரு, கல்யாணத்தன்னிக்கு விட்ட கை, ஊரு பாத்தா என்னா நெனைக்கும்.

ஊசி போடறாங்க. மாத்திரையச் சட்டுன்னு விடாம ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்பறம் அதையும் கொறச்சு நிறுத்தணும்னு சொல்லியிருக்காங்க. உணர்ச்சி திரும்பி வருமாங்கன்னு கேட்டேன். வரும், ஆனா எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது, லேட்டா வந்துட்டீங்கம்மான்னாங்க. வெளிய வந்து உங்கப்பாகிட்ட, பாதி வந்தாலும் ஒத்தச் செருப்புக்குப் போதும்னேன். அவரு சிரிக்கல.

நீயும் தெனம் போடறன்னு உன் வாயாலதான் சொன்ன, அதான் எனக்குத் தூக்கம் கெட்டது. என்னப் பாத்துப் பயந்து நாளைக்கே தூக்கிப் போட்டுடாத. அங்க ஒரு டாக்டரப் பாரு, எனக்கு எதுக்கு இது, எத்தன வாரத்துக்குன்னு கேளு. என்ன மாத்திரை சாப்பிடறன்னு கேட்டா உங்கம்மா மாதிரி பெருமை பேசாம இதத்தான் மொதல்ல சொல்லணும். டாக்டர் போடச் சொன்னா காலையில சாப்பாட்டுக்கு அரை மணி முந்தி போடு, தின்னு முடிச்சுட்டு ஞாபகம் வந்து போடாத. வெளிய கருப்பாப் போனாலோ, ஒடம்பு எளைச்சாலோ, முழுங்க முடியலன்னாலோ ஒரு நாளும் தள்ளாத, ஓடு. நீ வேல செய்யற ஓட்டல்ல கடைசி மேசை எந்திரிச்சப்பறம் மிச்சத்தத் தின்னுட்டு அப்படியே சாயறியாமே, அதையும் விட்டுடு. உன் காலு மதமதங்குதான்னு இப்பவே தரையில வெச்சுப் பாரு.

நீயும் உன் கூட இருக்கற புள்ளைங்களும் நோய் நொடி இல்லாம, கை காலு சொகமா, தின்னது செரிச்சு நல்லா இருக்கணும். உங்கப்பாவும் அதேதான் சொல்றாரு, வாயத் திறந்து சொல்ல மாட்டாரு அவ்வளவுதான். டாக்டரப் பாத்த அன்னிக்கே எனக்குப் போன் பண்ணு, மறந்துடாத.

இப்படிக்கு உன் அம்மா
கு. தீர்த்தம்மாள்

இது கையெழுத்துப் போட்டதுக்கு அப்பறம். வாசப்படியில காலை நீட்டிக்கிட்டு இத்தன நேரம் இத எழுதிட்டு இருந்தேன். எந்திரிக்கறப்பதான் பாத்தேன், காலையில ஒட்டின சோத்துப் பருக்கை வெரல் சந்துல இருந்திருக்கும் போல, நம்ம கருப்புக் கோழி சுண்டு வெரலக் கொத்திக்கிட்டே இருந்திருக்குது. படி ரத்தத்துல நனைஞ்சிருக்குது. கழுவித் துணி சுத்தியாச்சு. கோழிக்கு ஒண்ணும் ஆவல.