ரெண்டு பொட்டலம்

எல்லையில நிக்கிற எங்க அவியளுக்கு,

போன்ல பேசுனா மக காதுல விழும்னுதான் எழுதுறேன்.

அவளுக்குத் தைவான்ல ஏஐ சிப் செய்யுற கம்பெனியில வேலை கெடச்சிருக்கு. அந்தச் சிப்புக்கு நாடுகளே அடிச்சுக்கிடுதாம். தீவைச் சுத்திப் போர்க்கப்பல் நிக்கிறத டிவில காட்டுறான். வீட்டுல ஒரு ஆளு எல்லையில நிக்கிறது போதாதா?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சந்நிதியில பூக்கட்டிப் பார்த்தோம். சிவப்பு வந்தா போகலாம், வெள்ளை வந்தா வேண்டாம். பொட்டலம் கட்டுனது நாந்தான். ரெண்டுலயும் வெள்ளைப் பூவையே வச்சேன்.

கோயில் போய்ச் சேர்ற வரைக்கும் பொட்டலம் வச்ச பை அவ மடியில இருந்துச்சு. சந்நிதியில ஒண்ணை எடுத்துப் பிரிச்சா, சிவப்பு! "ஆண்டாளே போகச் சொல்லிட்டாம்மா"ன்னு சிரிக்கா.

அடுத்த மாசம் பிளைட்டு. போகாதன்னு நீங்க சொல்லுங்க. என் திருட்டைச் சொல்லாம அவ திருட்டை நான் எப்படிக் கேக்க?

ராஜபாளையத்துல தூக்கமத்துக் கெடக்குற,
உங்க வீட்டுக்காரி