பிஸ்கட் டின்

மார்ச் 4
ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் லீவு சொல்லிவிட்டு அப்பாவின் அறையைக் காலி செய்யத் தொடங்கினேன். அவர் போய் ஒரு மாதமாகிறது. சட்டைகளை மடித்தபோது அழுகை வரவில்லை. தினமும் முன்பின் தெரியாதவர்களின் துணியை மடிக்கிற கை. அம்மா வாசலில் நின்றுகொண்டு, "பரண்ல ஒண்ணும் இல்ல, விட்டுடு" என்றாள். கேட்காமலே மறுபடியும் சொன்னாள்.

மார்ச் 5
பரணில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே பழைய பனியனில் சுற்றி, ஒரு கறுப்புக் கைப்பட்டை. போர்க் காலத்தில் மில்லைச் சிறையாக்கி ஆட்களை அடைத்து வைத்தார்களே, அங்கே காவல் இருந்தவர்கள் கட்டியது. பள்ளிப் புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். அதற்கடியில் ஆண்களின் கைக்கடிகாரங்கள், ஒரு கல்யாண மோதிரம், ஒரு மேல்வரிசைப் பல்செட்.

அப்பா போர்க் காலத்தில் லாரி ஓட்டியவர். பட்டினி கிடந்த வீடுகளுக்கு மாவு கொண்டுபோனவர். 'மாவு அண்ணன்' என்றுதான் ஊரே கூப்பிடும். அவர் சாவுக்கு வந்த கூட்டம் அதற்காகத்தான் வந்தது.

கடிகாரத்தை யாராவது கொடுத்திருக்கலாம். மோதிரத்தைக்கூட. பல்செட்டை யார் கழற்றிக் கொடுப்பார்கள்?

மார்ச் 6
டின்னை என் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தேன்.

மார்ச் 8
அண்ணன் வந்தான். டின்னைத் திறந்து பார்த்தான், மூடினான், போய்க் கை கழுவினான். "ஆத்துல போட்டுட்டு வேலையப் பாரு. செத்தவர் மானத்த ஏலம் விடப் போறியா?"

அம்மாவிடம் கேட்டேன் — உனக்குத் தெரியுமா? தட்டைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாள். "மாட்டேன்னு சொன்னவங்களையும் உள்ள தள்ளினாங்க. அவரு என்ன செய்வாரு? நீ கைக்குழந்த. ஊர்ல யாருக்கும் கிடைக்காத பால் பவுடர் உனக்கு மட்டும் எப்படிக் கிடைச்சுதுன்னு நெனைக்கிற?"

அந்தப் பாலில் வளர்ந்த உடம்பு இது. இதை எங்கே கொண்டுபோய் வெளுப்பது?

மார்ச் 9
வேலைக்குப் போனேன். வந்தேன்.

மார்ச் 13
மில்லுக்குள் போய்த் திரும்பாதவர்களின் பொருட்களைச் சேர்த்து வைக்க ஒரு டீச்சர் தன் வீட்டு முன்னறையை ஒதுக்கியிருக்கிறார். என் மகளுக்குப் பாடம் எடுத்தவர். அவருடைய அப்பாவும் திரும்பாதவர்தான். எங்கள் வீட்டுச் சாவுக்கு வந்து, "உங்கப்பா கொண்டாந்த மாவுலதான் நாங்க உயிரோட இருக்கோம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

டின்னை அவர் மேஜையில் வைத்தேன். எங்கே இருந்தது என்று சொன்னேன். கைப்பட்டையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பல்செட்டைக் கையில் எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஓரத்துப் பல் ஒன்று தங்கம்.

"எங்கப்பா சிரிச்சா இது நழுவிடும். அதுக்காகவே அவரச் சிரிக்க வைப்போம்."

பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "எங்க வீட்டுக்கு மாவு கொண்டாந்தாரே, அப்பவே இது அவர்கிட்ட இருந்துச்சா?"

"தெரியல டீச்சர்."

தெரியலையா? டீச்சரின் அப்பாவை மில்லுக்குக் கொண்டுபோன பிறகுதானே அந்த வீட்டில் பட்டினி? ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் வந்தது அதுதான்.

மார்ச் 20
ஊருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் சுவரில் யாரோ கரியால் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணன் வெள்ளையடித்தான். அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். படியிறங்கும்போது அம்மா சொன்னாள்: "உன்னத்தான் அவரு கீழ விடாமத் தூக்கி வச்சிருந்தாரு."

ஏப்ரல் 2
டீச்சர் போன் செய்தார். பல்செட்டை நாளைக்குப் புதைக்கிறார்களாம். அவர் அப்பாவின் உடம்பென்று கிடைத்தது அது மட்டும்தான். "வர்றதுன்னா வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஏப்ரல் 3
போனேன். உள்ளங்கை அகல மரப்பெட்டி. மழை. அவர்கள் எல்லோரும் குடைகளுக்குள் நெருங்கி நின்றார்கள். நான் இடுகாட்டுக் கேட்டை ஒட்டி நின்றேன். டீச்சர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை.

ஆளுக்குக் கொஞ்சம் மண் தள்ளினார்கள். கடைசியாகத் தள்ளிய டீச்சர், மண்வெட்டியைக் குழியோரம் ஊன்றிவிட்டு விலகி நின்றார். யாரும் அதை எடுக்கவில்லை. காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நடந்து போய் எடுத்தேன்.