நம் ஆல்பம் வந்துவிட்டது, நௌஷாத்

என் உயிர் மச்சான் நௌஷாத்,

நம் ஆல்பம் வெளிவந்துவிட்டது. நீ இருந்திருந்தால் உன் வாப்பாவின் துணிக்கடையில் முதல் ஆளாகச் சத்தமாகப் போட்டிருப்பாய். பதுளை பஜாரே திரும்பிப் பார்த்திருக்கும்.

அந்தக் கடையின் மேல்மாடியில், துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பதிவு செய்தோமே! லுணுகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் என் அம்மா பாடிய கொழுந்துப் பாட்டுகளை நான் கொண்டு வந்தேன். நீ எலக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டு வந்தாய். "பாட்டு ஒன்ட, சத்தம் என்ட. சண்ட வேணாம் மச்சான்" என்பாய்.

கடைசிப் பாட்டில் உன் கிட்டார் மட்டும்தான் பதிவாகியிருந்தது. என் கிட்டாரை அடுத்த வாரம் வாசிப்பதாக இருந்தேன். அதற்குள் ஹாலிஎல வளைவில் உன் மோட்டார் சைக்கிள் சறுக்கிவிட்டது. செய்தி கேட்டு நான் ஓடி வந்தபோது உன்னை வீட்டில் கிடத்தியிருந்தார்கள். அன்று மாலையே, அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம். அவ்வளவு சீக்கிரமாகவா, மச்சான்?

பல மாதம் அந்தப் பாட்டை நான் தொடவே இல்லை. பிறகு கொழும்பில் ஒலிக்கலவை செய்பவரிடம் கொடுத்தேன். "நடுவுல தப்பா வாசிச்சிட்டு சிரிக்கிறாரு. வேற ஆள வச்சு வாசிச்சிடலாமே" என்றார். பதுளைக்கு பஸ் ஏறினேன். கேட்க வேண்டியது உன் மனைவியை அல்லவா?

ரிஸானா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். நீ சிரிக்கும் அந்த இடம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதப் போய் வெட்டுவாங்களா அண்ணன்? அப்படியே உடுங்க" என்றாள்.

அப்படியே விட்டேன். உன் வாசிப்போடு என் கிட்டாரைச் சேர்த்துப் பாட்டை முடித்தேன். நீ எங்கே நிதானிப்பாய், எங்கே அவசரப்படுவாய் என்று என் விரலுக்கு இன்னும் தெரிகிறது. நிமிர்ந்து பார்த்தால்தான் எதிரே யாரும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக் கோயில் மைதானத்தில் தனியாக வாசித்தேன். பாட்டு முடிந்ததும், அம்மாவோடு கொழுந்து பறித்த பாக்கியம் அத்தை பக்கத்தில் வந்தார்.

"எப்பவும் ஜோடியாத்தானே வருவீங்க. அந்தத் தம்பி வரலையா?"

அவருக்கு யாரும் சொல்லவில்லை போல. "வரல அத்தை" என்றேன். உனக்கு ஏதோ வேலை என்று நினைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். ஒரு நிமிடம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மச்சான். நீ எங்கோ வேலையாய் இருக்கிறாய் என்று.

இனி யாரையும் அப்படி நினைக்க விடமாட்டேன். எந்த மேடையில் ஏறினாலும் உன் பெயரைச் சொல்வேன், நீ போய்விட்டதையும் சொல்வேன். அதற்குப் பிறகுதான் தந்தியில் கை வைப்பேன்.

என்றும் உன் மச்சான்,
யோகன்