சிட்டுவுக்கு ஒரு பாய்

அன்புள்ள அத்தைக்கு,

நான் இங்கே நலமாகத்தான் இருக்கிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா? என் மகள் சிட்டுவுக்குச் சளி விட்டதா? போனில் என்னிடம் பேசாமல் ஓடிவிட்டாளே, கோபமா, இல்லை விளையாட்டு மும்முரமா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

வேலையில் ஒரு கூத்து நடந்தது, பயப்பட ஒன்றுமில்லை. நான் ஆயாவாக இருக்கும் பாலர் பள்ளியில் பல தேசத்துப் பிள்ளைகள். மதியத் தூக்கத்துக்கு எல்லார் வீட்டுத் தாலாட்டும் ஒலிக்க வேண்டும் என்று பெரிய டீச்சர் ஏற்பாடு செய்தார். அம்மாக்கள் வந்து பாடினார்கள். என் முறையில், பிள்ளைகளின் பெயர்களைச் சேர்த்துப் பாட நினைத்தவள், பழக்கதோஷத்தில் சிட்டு பெயரையே பாடிவிட்டேன். டீச்சர் என்னையே பார்த்தார். என் வேலைக்கு நானே உலை வைத்துக்கொண்டேனோ என்று பாட்டை நிறுத்திவிட்டேன்.

அதற்குள் ஒரு வாண்டு எழுந்து உட்கார்ந்து, “சிட்டு யாரு?” என்றது.

“என் பொண்ணு.”

“அவளுக்குப் பாய் போடலையே, எங்க படுப்பா?” என்று நகர்ந்து இடம் விட்டது.

டீச்சர் சிரித்துவிட்டார். “சரி, போட்டுடுங்க.”

அன்றிலிருந்து ஒரு பாயைக் காலியாக விரிக்கிறேன். “அவ எவ்ளோ உயரம்?” என்று வாண்டு நேற்று கேட்டது. இடுப்பருகே கையைக் காட்டினேன். பிறகுதான் உறைத்தது, அது நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றைய உயரம்.

பஸ் வந்துவிடும். ஒரு சின்ன வேலை அத்தை. அவளைச் சுவரோடு நிறுத்தி, உச்சியிலிருந்து பாதம்வரை நூலால் அளந்து, கடிதத்தில் மடித்து அனுப்புங்கள். கண் படும் என்பீர்கள். அளந்த கையோடு சுற்றிப் போட்டுவிடுங்கள். அந்தப் பாய் அவளுக்கு இன்னும் போதுமா என்று நான் பார்க்க வேண்டும்.

உங்கள் மருமகள்