இரண்டு, பிறகு ஒன்று

மார்ச் 4
இந்தப் பழைய பேய்வீட்டுப் படத்தின் ஒலியைச் சுத்தம் செய்து கொடுப்பதற்குள் என் பிராணன் போய்விடும். பேய் ஒரு தடவைகூடத் தலைகாட்டாது. கதவு தட்டும் சத்தம் மட்டும்தான், அதுவும் கதாநாயகிக்கு மட்டும். மற்றவர்கள் உனக்குப் பிரமை என்பார்கள்.

அப்பாவும் தட்டுகிறார். பக்கவாதம் வந்து பேச்சு போனதிலிருந்து, கூடத்தில் கிடக்கும் கட்டிலின் பலகையில் மரக்கரண்டியால். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டி, நிறுத்தி, இன்னொன்று என்றால் ‘வா’. இன்று ஒன்பது தடவை. போனால் ஜன்னலைக் காட்டுகிறார். திறந்தால் மூடச் சைகை காட்டுகிறார். எரிந்து விழுந்தேன். ஞாயிறுதோறும் அக்கா வந்து பார்த்துக்கொள்வதால் பிழைக்கிறேன். அவளுக்கும் இந்தத் தட்டு அத்துப்படி.

மார்ச் 6
தட்டும் சத்தம் வருகிற இடத்திலெல்லாம் படச்சுருள் தேய்ந்து கொரகொரக்கிறது. நாளை கூடத்தில் மைக் வைத்து, அலமாரிக் கதவைத் தட்டிப் புதிதாகப் பதிய வேண்டும்.

மார்ச் 7
அப்பா போய்விட்டார்.

மார்ச் 10
அன்று மத்தியானம் அலமாரியை நாலு விதமாகத் தட்டினேன். மைக்கை அணைக்காமல், என் அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த சுருளில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம். பிறகு போய்ப் பார்த்தால் கரண்டி தரையில் கிடந்தது. அப்பாவின் கை சில்லிட்டிருந்தது.

அக்கா வந்ததும் கேட்டாள்: “கூப்பிட்டாராடா?”

“இல்லக்கா. தூக்கத்துலயே போயிட்டாரு.”

அப்படித்தானே இருந்திருக்கும்? ஹெட்போன் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 15
படத்தை மறுபடி வெளியிடுகிறவர் விடாமல் போன் செய்கிறார். கூடத்தில் பதிந்ததைக் கேட்டுக்கூடப் பார்க்காமல் முழுசாக அனுப்பிவிட்டேன்.

மார்ச் 19
அவர் பேசினார். “முதல்ல தட்டினதெல்லாம் தச்சு வேலை மாதிரி இருக்குய்யா. கடைசியில வருது பாரு, ரெண்டு, அப்புறம் ஒண்ணு. மூணு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன். எப்படித் தட்டின?”

நான் அப்படித் தட்டவே இல்லை.

மார்ச் 20
கேட்டேன். முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை பதினொரு நிமிடம். போகப் போக மெதுவாக. அடப்பாவி, பதினொரு நிமிஷம்டா. பக்கத்து ரூம்லதானே இருந்த?

மார்ச் 21
அதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். ஏன் என்றார். சத்தம் சரியில்லை என்றேன். துக்கத்தில் மனசு குழம்பியிருக்கிறது, ஓய்வெடு என்று போனை வைத்துவிட்டார்.

ஏப்ரல் 2
வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை. இருந்தும் இன்று நாலு தடவை எழுந்து கூடத்துக்குப் போனேன்.

மே 9
படம் வெளியாகி, இன்று மதியக் காட்சி. வராதே என்று எவ்வளவோ சொல்லியும் அக்கா வந்தாள். கதாநாயகி மாடிப்படியில் தனியாக நிற்கிறாள். இரண்டு. பிறகு ஒன்று.

நான் எழுந்துவிட்டேன். கால் தானாக எழுந்தது, என்ன செய்ய? பின்னாலிருந்தவர் மறைக்கிறது என்று கத்தினார். மன்னிப்புக் கேட்கத் திரும்பினால், பக்கத்தில் அக்காவும் எழுந்து நிற்கிறாள்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“எவ்வளவு நேரம்டா கூப்பிட்டாரு?”

சொன்னேன்.