கோரிமேட்டுக் கட்டை

என் பிரியமுள்ள அந்தோணி மச்சானுக்கு,

இன்று கல்லறைத் திருநாள். காலையில் உன் தலைமாட்டில் ஏற்றிய மெழுகுவர்த்தி மூன்று தடவை மழையில் அணைந்தது. நான்காவது தடவை உன் மகள் தெரேஸ் தன் குடையை மெழுகுவர்த்திக்குப் பிடித்துவிட்டு, தான் நனைந்துகொண்டு நின்றாள். நீ இருந்திருந்தால் எங்களைத்தான் திட்டியிருப்பாய். "செத்தவனுக்கா சளி புடிக்கப் போவுது? புள்ளைக்குக் கொடையப் புடிங்க" என்றிருப்பாய்.

அங்கே கூட்டத்தில் உன்னிடம் வாய் திறந்து பேச முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். முடித்தவுடன் நம் கோயில் மாதத் தாளில் போடச் சொல்லிச் சாமியாரிடம் கொடுக்கப் போகிறேன். உனக்கு மட்டும் சொன்னால் போதாத சங்கதி இது. முத்தியால்பேட்டை முழுக்கப் படிக்கட்டும்.

முதலில் உனக்குப் பிடித்த செய்தியைச் சொல்கிறேன். டாக்டர் ஐயா நான் ஓட்டிய பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புதுக் கார் எடுத்திருக்கிறார். இது மேட்டில் நின்றால் பின்னால் உருளாது மச்சான். பிரேக்கையும் கிளட்சையும் மிதித்து நிறுத்திவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடலாம். கிளட்சை மிதித்திருக்கும் வரை வண்டி அப்படியே நிற்கும். ஆக்சிலேட்டரைக் கொடுத்துக்கொண்டே கிளட்சை விட்டால் பிரேக் தானாக விட்டுக்கொடுக்கும், வண்டி ஏறிவிடும்.

நீ நம்பமாட்டாய். நானும் நம்பவில்லை. மெக்கானிக்கைக் குடைந்தெடுத்துக் கேட்டேன். பிரேக்குக்கு எண்ணெய் போகிற வழியில் கோலிக்குண்டு மாதிரி ஓர் இரும்புக் குண்டு இருக்கிறதாம். வண்டி மூக்கைத் தூக்கினால் அந்தக் குண்டு பின்பக்கம் உருண்டு, எண்ணெய் திரும்பி வருகிற வழியை அடைத்துக்கொள்கிறது. கிளட்சை விட்டால் வழிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். நீ அத்தனை வருஷம் பார்த்த வேலையை இப்போது ஒரு குண்டு பார்க்கிறது.

நீ வண்டிக்குக் கிளீனர் என்பதுதான் ஊருக்குத் தெரியும், உன் நிஜமான வேலை என்னவென்று தெரியாது. டாக்டர் ஐயாவுக்கே தெரியாது. அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர் தரைமட்டமான ஊர். திண்டிவனம் சாலையில் கோரிமேட்டு ஏற்றம் ஒன்றுதான் டிரைவருக்குச் சோதனை. பார்த்துப் பார்த்து அந்த ஏற்றத்திலேயே எல்லைச் சுங்கச் சாவடியை வைத்தார்கள். எந்த வண்டியும் அங்கே நின்று பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பழைய வண்டியின் கைபிரேக் பேருக்குத்தான். எனக்கு இருப்பது இரண்டு கால். ஒன்று கிளட்சுக்குப் போய்விடும். இன்னொன்றைப் பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்கு மாற்றுவதற்குள் வண்டி சறுக்கும். இந்தத் தாவலை எவ்வளவோ பழகிப் பார்த்தேன், எனக்கு வரவே இல்லை.

சக்கரத்துக்குக் கட்டை போட்டு எடுப்பது என்றால் நம் ஊர் டிரைவர்களிடையே எவ்வளவு பெரிய அவமானம். "கட்டையா போடறான்?" என்று ஒருத்தன் கேட்டுவிட்டால் அப்புறம் தெருவில் தலை காட்ட முடியாது. அதற்கு நீதான் வழி கண்டுபிடித்தாய். சுங்கக்காரருக்குப் பின்பெட்டியைத் திறந்து காட்டுகிற சாக்கில் இறங்குவாய். புளியங்கட்டையைக் காலாலேயே தள்ளிச் சக்கரத்துக்கு அடியில் கொடுப்பாய். மட்கார்டில் இரண்டு தட்டு தட்டுவாய். அந்தச் சத்தம் கேட்டால்தான் நான் பிரேக்கை விடுவேன். வண்டி நகர்ந்ததும் கட்டையில் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடிவந்து ஏறிக்கொள்வாய். உள்ளே இருக்கும் டாக்டர் ஐயா, "சவரி எடுத்தான்னா ஒரு விரக்கடை பின்னால போவாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசுவார். நீ பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு வருவாய்.

போன வருஷம் ஐப்பசியில் அந்த நாள் வந்தது. நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. செம்மண் வழுக்கிக்கொண்டிருந்தது. நமக்குப் பின்னாலேயே ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது, அதில் பெண்டுகளும் ஒரு கைக்குழந்தையும். சாவடிக்கு எதிரே டீக்கடையில் வாடகைக் கார்க்காரர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் என்னையே பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. இவர்கள் கண்ணெதிரே கட்டை இல்லாமல் ஒரு தடவை எடுத்துக் காட்டினால் என்ன என்று புத்தி போனது.

நீ தட்டவில்லை மச்சான். நீ தட்டுவதற்கு முன்னால் நான் பிரேக்கை விட்டேன். என்ஜின் இருமிவிட்டு நின்றது. வண்டி பின்னால் போனது. காலால் தள்ள உனக்கு நேரமில்லை. குனிந்து கையாலேயே கட்டையைச் சொருகினாய். வண்டி நின்றது. மாட்டு வண்டி மேல் கீறல்கூட இல்லை. உன் வலது கையில் மூன்று விரல் போயிற்று.

டாக்டர் ஐயா இறங்கி வந்து தன் வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட்டார். "என்னடா ஆச்சி?" என்றார். உன் வாய் திறக்கும் முன்னால் என் வாய் திறந்தது. "கவனமில்லாம கைய வச்சிட்டானுங்க." நீ என்னை ஏறிட்டுப் பார்த்தாய். பிறகு அவரிடம், "ஆமாங்க" என்றாய். அவர் உன்னைத் திட்டினார், நான் வண்டியைத் திருப்பினேன்.

கவனமில்லாதவன் என்று நான் சொன்னதை ஊர் சும்மா விடுமா? கண், காது, மூக்கு வைத்தது. ஒரு மாதத்துக்குள் நீ கள்ளைப் போட்டுவிட்டுக் கையை வைத்தாய் என்று ஆகிவிட்டது. வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த வாசனை படாதவன் நீ. அப்போதாவது நான் பேசியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன். மாசியில் விஷக் காய்ச்சல் வந்து நீ போய்விட்டாய். காய்ச்சல் வேறு, கை வேறு என்று டாக்டர் ஐயா சொன்னார். நான் அதைத் திரும்பத் திரும்ப அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இப்போது தெரேசுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. நெல்லித்தோப்பில் ரொட்டிக் கடை வைத்திருப்பவரின் மகன், தங்கமான பையன். பெண் பார்க்க வந்த அன்று பையனின் அப்பா கூடத்தில் உட்கார்ந்து நேரடியாகவே கேட்டார். "அவரு குடிச்சிட்டுத்தான் கைய வச்சாருன்னு சொல்றாங்களே, நெசமா?" உள்ளே கதவோரம் உன் மனைவி மரி நின்றுகொண்டிருந்தாள். "அதெல்லாம் இல்லிங்க" என்றேன். "அப்ப எப்படி?" என்றார். நான் பலகாரத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிட்டார்கள்.

மறுவாரம் டாக்டர் ஐயாவோடு புது வண்டியில் திண்டிவனம் புறப்பட்டேன். அதே சாவடி, அதே ஏற்றம். சுங்கக்காரர் பார்த்துவிட்டுக் கையசைத்தார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி அசையவில்லை. நானும் அசையவில்லை.

"ஏன்டா நிக்கிற? எடு" என்றார் ஐயா.

"இன்னும் தட்டலிங்க" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

"யாரு தட்டணும்?"

அந்த மேட்டிலேயே, காலைக் கிளட்சில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இறங்கிப் போய்ப் பின் சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "இத என்கிட்ட சொல்லி என்னடா பிரயோசனம்? அவன் வீட்டுக்குச் சொன்னியா, அந்த நெல்லித்தோப்புக்காரருக்குச் சொன்னியா?" என்றார். வேலையை விட்டு எடுக்கவில்லை. ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

அந்நியரிடம் சொல்வது சுலபம் என்று முதலில் நெல்லித்தோப்புக்குத்தான் போனேன். கட்டையையும் கயிற்றோடு எடுத்துப் போனேன். ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குடிச்சவன் கை இவ்ளோ வெரசா இத உள்ள குடுக்காது" என்றார். "தை பொறக்கட்டும், நிச்சயம் வச்சிக்கலாம். ஆனா அந்தப் பொண்ணோட ஆத்தாகிட்ட நீங்களே போய்ச் சொல்லணும்."

உன் வீட்டு வாசலில் போய் நின்றேன். மரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், தெரேஸ் பக்கத்தில் இருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை மரி முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"எனக்குத் தெரியும்ணே" என்றாள். "அன்னிக்கே சொல்லிட்டாரு. 'எனக்குப் போனது வெரலு, அவனுக்கு வேலை போனா என் தங்கச்சி என்னா பண்ணும்'னாரு. வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டாரு."

"அன்னிக்கு அந்த நெல்லித்தோப்புக்காரரு வந்து கேட்டப்பக்கூடவாம்மா சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு நின்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை மச்சான். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அந்த முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். தெரேஸ் எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்தபோது கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. "குடிங்க மாமா" என்றாள்.

இப்படியெல்லாம் ஆகும் என்று உனக்கு அன்றைக்கே தெரியுமா? என்னைப் பார்த்துவிட்டு "ஆமாங்க" என்றாயே, அந்த ஒரு நொடியில் உன் தங்கையைத்தான் நினைத்தாயா? உன் தங்கையிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாய்ச் சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். டீக்கடையில் இப்போது எனக்குக் கட்டை சவரி என்று பேர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

கல்யாணத்துக்குத் தன் காரையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர் ஐயா. கோயிலுக்குப் போகும் வழியில் மேடே இல்லை. இருந்தாலும் உன் கட்டை பின்பெட்டியில் இருக்கும். தெரேஸ் ஏறி உட்கார்ந்ததும் மட்கார்டில் இரண்டு தட்டு தட்டச் சொல்லி மரியிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறாள்.

அவள் தட்டும் வரை வண்டியை எடுக்க மாட்டேன். இது சத்தியம்.

நீ விரலைக் கொடுத்து வேலையில் வைத்த உன் மாப்பிள்ளை,
சவரி